அங்கேயே இருங்க

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றின் தலைக்கு மேல் 'வழிகாட்டியுடன்' என்ற பலகை தொங்கியது. மற்றதன் மேல் 'தனியாக'. அந்த இரண்டாவது சொல்லைப் பார்த்ததுமே என் கணவரின் இடது கையைப் பிடித்து முதல் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

நின்றார். ஆனால் பார்வை சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் மேல் இருந்தது. ஒரு சிறிய ஊரையே மதில் கட்டி உள்ளே வைத்துவிட்ட மாதிரி இருந்தது அந்த அருங்காட்சியகம். சிலைகளுக்கு ஒரு கட்டடம், ஓவியங்களுக்கு ஒன்று, எலும்புகளுக்கு ஒன்று, நடுநடுவே முற்றங்கள், எல்லாவற்றையும் இணைக்கும் சுரங்க வழிகள். அவர் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு வரைபடத்தின் ஓர் ஓரத்தில் விரலை வைத்தார். இரண்டாவது கட்டடம், கீழ்த்தளம், இயந்திரக் கூடம்.

"அப்புறம்," என்றார்.

போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொல் அது. வலது கையும் காலும் சரியாக வராது. காது கேட்கும். சொல்வது எல்லாம் புரியும். சிரிப்பார், கோபப்படுவார். வாயைத் திறந்தால் மட்டும் 'அப்புறம்'. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். ஏன் குறிப்பாக அந்தச் சொல் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணைக் கேட்டேன். வெள்ளம் புகுந்து போன வீட்டில் ஏதோ ஒரு பாத்திரம் மட்டும் அலமாரியில் அப்படியே இருக்குமே, அந்த மாதிரி என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

"அங்கயும் கூட்டிட்டுப் போவாங்க. குழுவோட போனா எல்லாத்தையும் காட்டுவாங்க," என்றேன். காட்டுவார்களா என்பது எனக்குத் தெரியாது.

"அப்புறம்."

"பாத்தியா, சரிங்கறாரு," என்றேன் மகளிடம். எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டவள் அவள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா சரின்னு சொல்லலம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

வரிசை ஓர் ஆள் அளவு நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"அப்பாவுக்கு மந்தை மாதிரி போறதெல்லாம் ஆகாது. தனியாவே போங்கம்மா. பிடிச்ச எடத்துல ரெண்டு பேரும் உக்காருங்க. தொலைஞ்சா போயிடுவீங்க?"

"தொலைஞ்சா யாருகிட்டப் போய் என்னன்னு சொல்வாரு?"

"நீதான் அவரு சட்டையப் பிடிச்சுக்கிட்டே திரியறியே. அவரு தொலையணும்னு ஆசைப்பட்டாக்கூட முடியாது," என்று சிரித்தாள். அப்பாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் அது உண்மை. அவர் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தண்ணீர் விழும் சத்தம் நின்றால் என் மூச்சும் நின்றுவிடுகிறது. தெருவில் இரண்டு அடி முன்னால் போனால் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்ப்பார், நிற்பார். இந்த ஒரு வருடத்தில் பயம் எனக்குள் வந்து போகிற ஒன்றாக இல்லை. அதற்கு ஒரு தனி அறை கொடுத்து, சோறும் போட்டு வைத்திருக்கிறேன்.

வழிகாட்டி ஒல்லியான ஒரு பெண். ஒரு குச்சியின் நுனியில் மஞ்சள் துணி கட்டி உயர்த்திப் பிடித்திருந்தாள். சட்டைக் காலரில் சின்ன மைக். எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை மாட்டி, அதிலிருந்து வரும் ஒயரைக் காதில் செருகிக்கொள்ளச் சொன்னாள்.

"நான் பேசறது உங்க காதுல கேக்கும். நீங்க பேசறது எனக்குக் கேக்காது. அதனால என்னைத் திட்டறதா இருந்தா தாராளமாத் திட்டலாம்." குழு சிரித்தது. "குரல் கரகரன்னு வந்துச்சுன்னா தூரமாப் போயிட்டீங்கன்னு அர்த்தம். சத்தமே இல்லன்னா தொலைஞ்சே போயிட்டீங்கன்னு அர்த்தம்."

எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடித்திருந்தது. வலது பக்கம் பாருங்கள் என்றது, பார்த்தேன். இதன் மூக்கு ஏன் உடைந்திருக்கிறது என்று சொன்னது, கேட்டுக்கொண்டேன். எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று யாரோ ஒருத்தி எனக்காக முடிவு செய்துகொண்டிருந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு என் தோள்கள் கீழே இறங்கின.

அவர் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டார். நான் திரும்பச் செருகினேன். மறுபடி பிடுங்கினார். மறுபடி செருகினேன். மூன்றாவது முறை செருகியபோது என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. அதைப் படிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குழுவில் குடையோடு தனியாக வந்திருந்த ஒருவர் எங்கள் பக்கமாகவே வந்தார். வெயிலும் இல்லாத மழையும் இல்லாத கூரைக்கடியில் குடை எதற்கு என்று அவர் மனைவி கேட்டிருப்பாள். அதனால்தான் வீட்டிலேயே இருந்துவிட்டாள் போலிருந்தது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவராம்.

"சார் என்ன ரொம்ப அமைதியா இருக்காரு?"

"அப்புறம்," என்றார் என் கணவர்.

அவ்வளவுதான். மனிதர் தன் முதல் கிளையிலிருந்து ஆரம்பித்தார். மேலதிகாரியோடு சண்டை, இட மாற்றம், வாடகை வீட்டில் ஒழுகிய கூரை. ஒவ்வொன்று முடியும்போதும் இவர் 'அப்புறம்' என்றார், அவர் அடுத்ததற்குப் போனார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "இவ்வளவு ஆசையா எங்கதைய யாரும் கேட்டதே இல்ல சிஸ்டர்," என்றார். நான் விளக்கவில்லை. என் கணவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்ததைப் பார்த்தேன்.

இரண்டாவது கட்டடத்தில் ஓவியங்கள் மாடியில் இருந்தன. "படி ஏற முடியாதவங்க லிஃப்ட்ல வாங்க, மேல சேந்துக்கலாம்," என்றது காதில் குரல்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நான் லிஃப்டில் ஏறாதவள். கல்யாணமான புதிதில் அவர் வேலையைப் பற்றிச் சொன்ன கதைகளே காரணம். பாதி வழியில் நின்று போனது, இருட்டில் கத்தியவர்கள், கதவில் மாட்டிய சேலை. எங்கே போனாலும் அவர் லிஃப்டில் போவார், நான் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வேன். 'டாக்டர் பொண்டாட்டி மருந்து சாப்பிடமாட்டேங்கற மாதிரி இருக்கு' என்று என் நாத்தனார் கேலி செய்வாள். அவர் என் கைக்கு வெளியே போகலாம் என்று நான் இன்னும் விட்டுவைத்திருந்த ஒரே இடம் லிஃப்ட்தான். அங்கே அவருக்கு என்ன ஆகும்? அது அவர் வீடு.

"ஒரு மாடிதாங்க. மேல போனதும் எறங்கிடுங்க," என்றேன்.

"நான் பாத்துக்கறேன் சிஸ்டர்," என்றார் குடைக்காரர்.

மேலே போய்ச் சேர்ந்தபோது குடைக்காரர் ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தனியாக.

"இவரு எங்க?"

"எம் பின்னாடிதான் வந்தாரு." அவர் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் ஒரு தூண் இருந்தது. "பின்னாடியே வந்தாரு சிஸ்டர், பேசிக்கிட்டேதான வந்தேன்."

தூணுக்குப் பின்னால் பார்த்தேன். அடுத்த அறையில் பார்த்தேன். அதற்கு அடுத்தது. அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போயின. எல்லாவற்றிலும் முதுகுகள். நீலச் சட்டை போட்ட ஒருவரின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு யாரோ. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு இருந்த சொற்களைவிட எனக்குக் குறைவாகவே இருந்தன.

வழிகாட்டியின் காலரைப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் பதறாமல் மைக்கைக் கழற்றி என் வாயருகே வைத்தாள்.

"அவரு காதுல ஒயர் இருக்கா?"

"செருகித்தான் விட்டேன்."

"அப்போ இந்தக் கட்டடத்துக்குள்ள இருந்தாருன்னா கேக்கும். பேசுங்க."

"ஏங்க," என்றேன். "நான்தான். அங்கேயே இருங்க. எங்க இருக்கீங்களோ அங்கேயே இருங்க. நகராதீங்க. நான் வர்றேன்."

என் குரல் என் காதிலேயே திரும்ப வந்தது. இப்படித்தான் நான் ஒலிக்கிறேனா? மெல்லியதாக, கம்பி மாதிரி இழுபட்டு, கேட்பவர் கழுத்தைச் சுற்றிக்கொள்கிற மாதிரி. இதைத்தான் அவர் ஒரு வருடமாகக் காலை எழுந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாரா? நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை.

"பயமா இருக்குங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. எங்கயும் போயிடாதீங்க."

நிமிர்ந்து பார்த்தால் குழுவில் ஒருவர் கூட அசையவில்லை. ஆளுக்கொரு ஓவியத்தின் முன்னால் நின்ற நிலையிலேயே நின்றார்கள். ஒரு பெண் கைப்பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"நீங்க போலாம்," என்றாள் வழிகாட்டி அவர்களிடம்.

"நகர வேணாம்னு காதுல சொன்னாங்களே," என்றார் குடைக்காரர், அடிக்குரலில். யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

காவலர் ஒருவர் வந்தார். இடுப்பில் வாக்கிடாக்கி.

"என்ன வயசும்மா? என்ன கலர் சட்டை?"

சொன்னேன்.

"யாராவது பாத்து, பேரு என்னன்னு கேட்டா சொல்வாரா?"

"சொல்லமாட்டாரு. அப்புறம்னு சொல்வாரு."

"அப்புறம் என்ன சொல்வாரு?"

"அவ்வளவுதாங்க சொல்வாரு."

காவலர் தள்ளிப் போய், எனக்குக் கேட்கக்கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு, வாக்கிடாக்கியில் பேசினார். ஒவ்வொரு கூடத்திலிருந்தும் பதில் வந்தது. ஓவியங்கள், இல்லை. நாணயங்கள், இல்லை. மேல்மாடியில் துணிகள், இல்லை. கீழே இயந்திரங்கள், அங்கேயும் அப்படி யாரும் வரவில்லை. வாசலைத் தாண்டியும் போகவில்லை.

"எந்த ஹால்லயும் இல்லம்மா," என்றார்.

எந்தக் கூடத்திலும் இல்லாத மனிதர் எங்கே இருப்பார்? படிக்கட்டில் விழுந்து கிடப்பார். கழிப்பறையில் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு. என் மனம் ஒவ்வொரு இடமாகப் போய் அவரைக் கிடத்திப் பார்த்தது. காலையில் எழுந்து டீ போட்டுக் கூப்பிட்டபோது பதில் வராத அந்த நாள் திரும்பி வந்தது. கட்டிலில் கண் திறந்தே இருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையை விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்குப் பிடித்தவள்தான், இன்னும் விடவில்லை.

"மத்தவங்கள அடுத்த கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்மா, அங்க நேரம் குறிச்சு வச்சிருக்காங்க," என்றாள் வழிகாட்டி. அவளுக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. "நீங்க இங்கேயே இருங்க. எங்கயும் போகாதீங்க. கிடைச்சதும் காவலர் கூட்டிட்டு வருவாரு."

இங்கேயே இருங்க. ஒரு பெஞ்சு காட்டினாள். உட்கார்ந்தேன். மஞ்சள் துணி அறைகளைக் கடந்து சிறிதாகிப் போனது. குடைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். காதில் குரல் கரகரக்க ஆரம்பித்தது.

உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. என் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனாலும் எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. என்னவென்று கத்துவது? சொல் இல்லாவிட்டால், கையில் கிடைத்த ஏதாவது ஒரு சொல்லை வைத்துக் கத்துவேனாக இருக்கும்.

அவர் வரைபடத்தில் விரல் வைத்தது நினைவுக்கு வந்தது. இந்தக் கட்டடம். கீழ்த்தளம்.

"நானே கீழ போய்ப் பாக்கறேன்," என்றேன் காவலரிடம்.

"கேட்டுட்டேன்மா. இயந்திரக் கூடத்துல அவரு இல்ல."

"தெரியும். ஆனா அவரு போகணும்னு கேட்ட எடம் அது ஒண்ணுதான்."

படிக்கட்டை நோக்கி நடந்தேன். காவலர் கூடவே வந்தார். "படி தரைத்தளம் வரைக்கும்தான். அதுக்குக் கீழ வேலை நடக்குது, கயிறு கட்டியிருக்கு. லிஃப்ட்லதான் போகணும்."

லிஃப்ட் அறைகளின் மறுகோடியில், ஒரு திருப்பத்துக்கு அப்பால் இருந்தது. இவ்வளவு நேரம் இந்த மாடி முழுக்க ஓடினேன், அந்தத் திருப்பத்துக்கு மட்டும் போகவில்லை. கண்ணுக்குப் பிடிக்காத ஆளைத் தெருவில் பார்க்காமல் போவது மாதிரி, லிஃப்ட் இருக்கும் திசையையே என் கால்கள் விலக்கிவிடும். பழக்கம்.

பளபளக்கும் இரும்புக் கதவு. அதில் என் உருவம் கலங்கலாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. உள்ளே போனால், கதவு மூடினால், பாதியில் நின்றால், அவரைத் தேட யாரும் இருக்கமாட்டார்கள். என்னைத் தேடவும்.

அழுத்தினேன்.

கதவு திறந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார்.

பின்சுவரில் முதுகைச் சாய்த்து, இடது கையால் காதிலிருந்த ஒயரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து மூன்று முறை பிடுங்கிப் போட்ட ஒயர். முகம் வெளுத்திருந்தது. அவருக்கு முன்னால் குழந்தை வண்டியோடு ஒரு பெண்.

"இவரு உங்களுக்கு வேண்டியவரா?" என்றாள் அவள். "நான் மேல போறப்பவும் இருந்தாரு, திரும்பி வர்றப்பவும் இருக்காரு. எறங்குங்க சார்னா எறங்கவே மாட்டேங்கறாரு. ஏதாச்சும் கேட்டா, காதைக் காட்டுறாரு."

எனக்கு மெதுவாகப் புரிந்தது. கதவு திறந்ததும் குடைக்காரர் பேசிக்கொண்டே இறங்கியிருக்கிறார். இவர் காலை இழுத்துக்கொண்டு வருவதற்குள் வெளியே நின்றவர்கள் உள்ளே நெருக்கியிருக்கிறார்கள், கதவு மூடிவிட்டது. அடுத்த மாடியில் இறங்கலாம் என்று நினைத்திருப்பார். அப்போது காதுக்குள் என் குரல் வந்தது. அங்கேயே இருங்க. நகராதீங்க.

நகரவில்லை. மேலே போனார், கீழே வந்தார், நான் நின்ற மாடியைக் கடந்து கடந்து போனார். இரும்புப் பெட்டிக்குள் என் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டிருக்கும். பயமா இருக்கு என்பது கேட்டதா? கேட்டிருக்கும். அந்த முகம் கேட்ட முகம். சொன்ன இடத்தில் இருந்தார். வீட்டு நாற்காலியில், ஜன்னல் ஓரத்தில், பூங்கா பெஞ்சில், நான் உட்கார வைத்த இடத்திலெல்லாம் இந்த ஒரு வருடமாக இருந்த மாதிரியே.

குழந்தை வண்டி இறங்கிப் போனது. கதவு மூட ஆரம்பித்தது. நான் சின்னதாகக் கத்திவிட்டேன். அவர் அவசரப்படாமல் இடது உள்ளங்கையைக் கதவின் விளிம்பில் வைத்தார். வேலை செய்த காலத்தில் ஆயிரம் கதவுகளை நிறுத்திய கை. கதவு பணிந்து திரும்பிப் போனது.

"அப்புறம்," என்றார்.

கோபமாகச் சொன்னார். கெஞ்சியும் சொன்னார். எங்கே போயிருந்தாய் என்றும் இருக்கலாம், உன்னால்தான் என்றும் இருக்கலாம், வா என்றும் இருக்கலாம். வழக்கம்போல் நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவர் வாயில் வைக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமை பயமாக இருந்தது, அவர் காணாமல் போனதைவிட வேறு மாதிரி பயம். இவ்வளவு நாள் இவரோடு யார் பேசிக்கொண்டிருந்தது, நானேதானா?

"என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரியலங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, நிதானமாக, தலையை ஆட்டினார்.

பின்னால் காவலர் வாக்கிடாக்கியில் 'கிடைச்சிட்டாரு, லிஃப்ட்லயே இருந்திருக்காரு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என் காதில் கரகரப்புக்கு நடுவே வழிகாட்டியின் குரல் வந்தது. "நம்ம சார் கிடைச்சிட்டாராம். எல்லாரும் இப்போ மூச்சு விடலாம்... நீங்க ரெண்டு பேரும் முற்றத்து வழியா வந்து சேந்துக்கோங்க... மஞ்சள் துணிக்குப் பக்கத்துலயே நிக்கறோம்..."

அவருக்கும் கேட்டது. கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. காத்திருந்தார். முற்றத்துக்குப் போக நான் அவரை வெளியே இழுத்தால் வருவார், அதுவும் எனக்குத் தெரிந்தது. வந்து மஞ்சள் துணிக்குப் பக்கத்தில் நிற்பார்.

காவலரிடம் திரும்பினேன். "அவங்ககிட்ட சொல்லிடுங்க. நாங்க தனியாப் பாத்துக்கறோம்." காலையில் பலகையில் பார்த்துப் பயந்த அதே சொல் என் வாயிலிருந்து வந்தது. காதிலிருந்து ஒயரைக் கழற்றி, கருவியைக் காவலர் கையில் கொடுத்தேன்.

என் கணவரும் தன்னுடையதைக் கழற்றினார். ஒரு கையால் அது சுலபமில்லை. ஒயர் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. என் கை முன்னால் போயிற்று. பின்னால் இழுத்துக்கொண்டேன். அவரே எடுத்தார், நேரமானாலும்.

பிறகு லிஃப்டுக்குள் காலை வைத்தேன். தரை என் எடையில் லேசாக அசைந்தது. உள்ளே எண்ணெய் வாசனை அடித்தது, அவர் பழைய வேலைச் சட்டைகளின் வாசனை. கதவு மூடியது. வெளியிலிருந்த வெளிச்சம் ஒரு கோடாகி, பிறகு இல்லாமல் போனது.

அவர் பொத்தான்களின் மேல் விரலை ஓட்டி, எல்லாவற்றுக்கும் கீழே இருந்ததை அழுத்தினார். காலுக்கடியில் எல்லாம் நழுவியது, வயிறு மேலே வந்தது. அவர் கையைப் பிடிக்கத்தான் என் கை போனது. பாதியிலேயே திருப்பி, சுவரிலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். கண்ணை மட்டும் மூடவில்லை. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.